குருசடைத் தீவுக்கு மே மாதம் வேண்டாம்

ஆசிரியருக்கு,

கோடை விடுமுறை விட்டதும் வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பகுதிப் பள்ளிகளும் வேன் சுற்றுலா நடத்துவோரும் ராமேசுவரம் கிளம்புகிறார்கள். பாம்பன் அருகே குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு இருப்பதால் அதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். சேர்க்கட்டும், நல்லதுதான். மாதத்தை மட்டும் மாற்ற வேண்டும்.

குருசடையைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. அது இருக்கும் மன்னார் வளைகுடாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை கடல்நீர் கடுமையாகச் சூடேறும். அப்போது பவள உயிரிகள், தமக்கு உணவூட்டும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகின்றன. 2010, 2016 ஆண்டுகளில் அங்கே இது பெருமளவில் நடந்தது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், பவளமும் பிழைக்கும். நலிந்திருக்கும் அந்த வாரங்களில் ஒருவர் ஏறி மிதித்தாலோ, காலால் கலக்கிய மணல் மேலே படிந்தாலோ தேறுவது கடினம். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு 1 செ.மீ. அளவே வளரும் என்பதால் உடைந்தது நம் காலத்தில் மீளாது. மேலும், மே மாதத்தில் தென்மேற்குக் காற்று எழுந்து தென்கடல் கலங்கத் தொடங்கும். கண்ணாடித் தளப் படகில் பணம் கட்டி ஏறும் பிள்ளைகளுக்குக் கலங்கல்தான் தெரியும்.

பொங்கல் விடுமுறை முதல் மார்ச் வரை நீர் பொதுவாகத் தெளிந்திருக்கும். காற்று வலுக்குமுன் காலைப் படகிலேயே ஏறிவிடுங்கள். சன்ஸ்கிரீன் களிம்பு வேண்டாம், அதிலுள்ள ஆக்சிபென்சோன் பவளக் குஞ்சுகளைப் பாதிக்கும். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போதும். கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டையும் எடுக்கக் கூடாது. அலையைத் தடுத்துத் தீவைக் காப்பது அந்தப் பவளம்தான். சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டப்பட்டதால், இந்த வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. கடையில் விற்கும் பவளப்பாறைத் துண்டை வாங்குவதும் வனவிலங்குச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதை மாணவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, பணம் யாரிடம் போகிறது என்பது. தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த மீனவப் பெண்களின் தொழிலை, இத்தீவுகள் அடங்கிய கடல் தேசியப் பூங்காவின் கட்டுப்பாடுகள் பாதித்தன. சுற்றுலா வருமானம் அவர்கள் ஊருக்குச் சேர்ந்தால்தான் காவலும் நிலைக்கும். எனவே சாப்பாட்டை உள்ளூர் மகளிர் குழுவிடம் சொல்லுங்கள், வழிகாட்டியையும் அந்த ஊரிலேயே அமர்த்துங்கள். குருசடைக்குப் படகு விடாத நாளில், ஊர் மக்களோடு சேர்ந்து வனத்துறை நடத்தும் காரங்காடு அலையாத்திக் காட்டுக்குப் போகலாம்.

தனியார் படகு பேசுவோர் முன்பணம் கொடுக்குமுன் ஒன்று கேளுங்கள்: பாறை மேல் நங்கூரம் போடுவீர்களா, மிதவையில் கட்டுவீர்களா? நங்கூரம் என்றால் அந்தப் படகு வேண்டாம்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர்.