பீடியை விட்டவருக்கு டீயையும் குறைக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே 31 உலகப் புகையிலை எதிர்ப்பு நாளுக்காகத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நுரையீரல், வாய்ப்புற்று, மாரடைப்பு எல்லாம் சரியாகச் சொல்லியிருந்தார்கள். மூளையைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. வருடா வருடம் இப்படித்தான்.

முக்கூடல் பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். வீட்டுக்கு வீடு மடியில் பீடித் தட்டோடு பெண்கள் உட்கார்ந்திருக்கும் வட்டாரம் இது. (தூள் அடைத்துச் சுற்றுகிற அவர்களுக்குத் தோல் வழியாகவும் தூசி வழியாகவும் நிகோடின் ஏறுகிறது. அதற்குத் தனியாகத்தான் ஒரு கடிதம் எழுத வேண்டும்.) இங்கே புற்றுநோய் வரும் என்று தெரியாமல் யாரும் பீடி குடிக்கவில்லை. பீடிக் கட்டின் மேலேயே படம் போட்டுத்தான் விற்கிறார்கள். விட்டவர்கள் மறுபடி பற்றவைப்பதற்குக் காரணம் வேறு. விட்ட மூன்றாம் நாள் உடம்பிலும் மனசிலும் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்வதில்லை.

போன மாதம் ஒரு லாரி டிரைவர் வந்தார். "அண்ணாச்சி, பீடிய விட்டதுலேருந்து நெஞ்சு படபடன்னு அடிக்கி. ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல. பேசாம பழையபடி குடிச்சிரலாம்னு பாக்கேன்" என்றார். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டேன். எட்டு, ஒன்பது இருக்கும், பீடியை விட்ட பிறகு இன்னும் ரெண்டு கூடியிருக்கும் என்றார்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை (என்சைம்) முடுக்கிவிடுகின்றன. டீ, காபியில் இருக்கும் கஃபீனை உடைத்து வெளியேற்றுவது அந்த நொதிதான். அதனால் புகைப்பவர் உடம்பில் கஃபீன் சீக்கிரம் கரைந்துவிடும். எத்தனை டீ குடித்தாலும் தாங்கும். பீடியை நிறுத்திய சில நாட்களில் நொதியின் வேகம் குறைந்துவிடுகிறது. அதே எட்டு டீ இப்போது ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தங்குகிறது. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வருகின்றன. அவரோ, 'பீடி இல்லாமல் என் உடம்பு ஓடாது' என்று முடிவு கட்டிவிடுகிறார். டீயைப் பாதியாகக் குறையுங்கள், சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை.

அப்புறம் அந்த 'டென்ஷன்' கதை. பீடி குடித்தால் மனசு அடங்குகிறது, வேலையில் கவனம் நிற்கிறது என்கிறார்கள். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். புகையை இழுத்த பத்து இருபது விநாடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. மூளை செல்களில் செய்தியை வாங்கிக்கொள்ளும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். மூளையின் சொந்தச் செய்திப் பொருளான அசிட்டைல்கோலின் உட்கார வேண்டிய ஏற்பிகளில் இது போய் உட்கார, இன்ப உணர்வைத் தூண்டும் டோபமைன் சுரக்கிறது. கவனம் கொஞ்ச நேரம் கூடுவதும் உண்மை. ஆனால் வழக்கமாகக் குடிப்பவர் மூளையில் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிப்போகிறது. ரத்தத்தில் நிகோடின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். குறையக் குறைய அத்தனை ஏற்பிகளும் காலியாகிக் கேட்க ஆரம்பிக்கும். எரிச்சல், பரபரப்பு, எதிலும் மனம் ஒட்டாமை எல்லாம் அப்போது வருபவை. ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த ஏற்பிகளுக்குப் போவதால்தான் காலை முதல் பீடிக்கு அவ்வளவு ருசி. ஆக, அடுத்த பீடி அடக்குகிற டென்ஷனில் பெரும்பங்கு முந்தின பீடி கொண்டுவந்தது. எங்கள் பக்கத்துக் கந்துவட்டி மாதிரிதான், வட்டி கட்டவே மறுபடி கடன்.

நிகோடினோடும் இது முடிவதில்லை. டோபமைனைச் சிதைக்கும் எம்.ஏ.ஓ. என்ற நொதியின் ஒரு வகை, புகைப்பவர் மூளையில் சுமார் 40 சதவீதம் குறைந்திருப்பதை 1996-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜோவானா ஃபௌலர் குழுவினர் ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள். அதைச் செய்வது நிகோடின் அல்ல, புகையில் உள்ள வேறு பொருட்கள். மனச்சோர்வுக்கான பழைய மாத்திரைகளில் ஒரு ரகம் இதே குடும்ப நொதியைத் தடுத்துத்தான் வேலை செய்தது. பீடியை விட்டவர் ஏன் சில நாள் முகம் தொங்கிப் போய் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இந்தத் தொல்லை இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் இறங்கிவிடும். அதன் பிறகு? 2014-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விட்டவர்களுக்குப் பதற்றமும் சோர்வும், தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைந்தே இருந்தன. இதை எந்தப் போஸ்டரிலாவது பார்த்திருக்கிறீர்களா?

புகையே கிடையாது, வெறும் வெற்றிலையோடு போயிலைதானே என்கிற ஆச்சிமார்களுக்கும் ஒரு வார்த்தை. சுண்ணாம்பு சேர்த்து மெல்லும்போது வாயில் காரத்தன்மை (புளிப்புக்கு எதிர்க்குணம்) கூடி, நிகோடின் கன்னத்துத் தோல் வழியாக நன்றாகவே ஏறும். மெல்ல ஏறி நெடுநேரம் நிற்கும். 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் நாட்டின் பெரியவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், மெல்லும் புகையிலை போன்ற புகையில்லாதவற்றைப் பயன்படுத்துபவர்கள் 21.4 சதவீதம்.

நிகோடின் சூயிங்கம் வாங்கிப் போகிறவர்களும் பாதிப்பேர் 'ஒன்னும் கேக்கல' என்று திரும்பி வருகிறார்கள். பபிள்கம் போல மென்று விழுங்கினால் வயிறுதான் எரியும். நாலு தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, எலுமிச்சைச் சாறு கூடாது, புளிப்பு இருந்தால் மருந்து ஏறாது. இங்கேயும் டீதான் குறுக்கே வருகிறது.

இன்னொன்று, இது அவசரமானது. ஓலான்சபின், குளோசபின் போன்ற மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள் திடீரென்று புகைப்பதை நிறுத்தினால், கஃபீனுக்குச் சொன்ன அதே காரணத்தால் மாத்திரையின் அளவும் ரத்தத்தில் ஏறும். குளோசபினில் இது ஆபத்து. விட வேண்டாம் என்று அர்த்தமில்லை. விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

தங்கள் வாராந்திர மருத்துவப் பக்கத்தில் ஒரு மனநல மருத்துவரைக் கொண்டு இதையெல்லாம் விரிவாக எழுத வைக்க முடியுமா? அடுத்த மே 31 வரை காத்திருக்க வேண்டாம். கட்டுரையோடு 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணையும் பெரிய எழுத்தில் போடுங்கள். பாக்கெட்டில் அது இருக்கிறது, ஆனால் பீடியைச் சில்லறையாக வாங்குபவர் பாக்கெட்டை எங்கே பார்க்கிறார்?

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.