சேதுவுக்கு, மலைக்கு ஒரு வண்டி பற்றி

மயூர் விஹார், தில்லி

அன்புள்ள சேது,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் இதற்குள் புலம்பியிருப்பாய். தீபாவளி வாழ்த்துக்குப் பதில் போடவில்லை என்று திட்டாதே, கார் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான்தான்! அந்த ராஜ்தூத் பைக் விவகாரத்துக்குப் பிறகு, இனி வண்டியே வாங்கமாட்டேன் என்று நம் பட்டாபி முன்னால் சத்தியம் செய்த அதே ஆள். தை பிறந்ததும் முக்தேஷ்வருக்குக் குடிபோகிறோம். உத்தராகண்டின் குமாவுன் மலையில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில். வீடு கிடைத்துவிட்டது. ஆனால் வாசல்வரை வரும் பாதை செங்குத்தான மண்சாலை. மழையில் சேறு, ஜனவரியில் நிழல் விழும் வளைவுகளில் உறைபனி.

ஆகவே நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி வேண்டும். தில்லியில் அதற்குப் பஞ்சமில்லை. இங்கே டீசல் வண்டி பத்து ஆண்டு, பெட்ரோல் வண்டி பதினைந்து ஆண்டுதான் ஓடலாம் என்ற விதியை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025இல் அந்தப் பிடி தளர்ந்தும், வயது நெருங்கும் டீசல் வண்டிகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். தடையில்லாச் சான்று வாங்கி மலையில் மறுபதிவு செய்துகொள்ளலாம்.

நீ மாருதியின் ஜீப், ஜிப்ஸி என்று குதிப்பாய். எனக்கும் ஆசைதான். ஆனால் அதில் லிவரைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் அப்படி ஓட்டினால், வளைவில் முன்சக்கரங்கள் கூடுதல் தூரம் போக முடியாமல் உள்ளே எல்லாம் முறுக்கிக்கொள்ளும். மலையிலோ ஒரு வளைவில் வெயில், அடுத்ததில் பனி. எத்தனை முறை லிவரை இழுப்பது? தவிர, கல்யாணி அதன் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினாள். உனக்குத் தெரியும், அது தீர்ப்பு.

மிஞ்சியது ரெனோவின் டஸ்டர். 2014இல் நான்கு சக்கர இழுவையோடு வந்த டீசல் வகை. ஒரே ஒரு குமிழ். ஆட்டோவில் வைத்தால் முன்சக்கரம் வழுக்கும்போது பின்சக்கரத்துக்குத் தானே விசை போகும். சேற்றுக்கு லாக், முன்னும் பின்னும் சேர்ந்தே இழுக்கும். மெதுவாக, கூடுதல் விசையோடு ஏற ஜிப்ஸியில் இருக்கும் லோ ரேஞ்ச் கியர் இதில் கிடையாது. முதல் கியரே ஊர்ந்து ஏறுவதற்கென்று வைத்தது.

கரோல்பாகில் ஒரு தரகர், குமிழைத் திருப்பினால் சுவரிலும் ஏறும் என்றார். முன்னால் இரண்டும் புது டயர் என்று பெருமை வேறு. பின்னால் இரண்டும் வழுக்கை! இந்த வகை வண்டிக்கு அதுதான் விஷம். தேய்ந்த டயர் கூடுதலாகச் சுற்றும். பின்சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் கப்ளிங் ஓயாமல் உழைத்துச் சூடாகும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன், சாம்பல் நிறத்தில் வண்டல் கோடு. 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டதே, அப்போது எங்கே முழுகிக் கிடந்ததோ. தரகர் அது டீக்கறை என்றார்.

கிழவனின் பொம்மை ஆசை என்று சிரிக்காதே, சேது. கல்யாணிக்கு இந்த நவம்பரும் தில்லிப் புகையில் நெபுலைசரோடுதான் கழிந்தது. ஊரை மாற்றுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மலைக்காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளும், சரி. ஆனால் நடுநிசியில் மூச்சு முட்டினால் பெரிய மருத்துவமனைக்கு மலையடிவாரத்தில் ஹல்த்வானிவரை இறங்கவேண்டும். ஏறத்தான் நான்கு சக்கர இழுவை உதவும். பனியில் இறங்கும்போது பிரேக் போட்டால் எந்த வண்டியும் ஒன்றுதான், டயர் பிடித்தால் உண்டு. ஆகவே என்ன விலைக்குப் படிந்தாலும் நான்கு டயரையும் மாற்றத் தனியாகப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். இந்தக் கணக்கு அவளுக்குத் தெரியாது.

இங்கே தில்லி துவாரகாவில் ஒரு டஸ்டர் பார்த்திருக்கிறேன், 2016 வண்டி. டயர் நான்கும் ஒரே தேய்மானம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தேன், டக் டக் ஒலி இல்லை. அடியில் துரு இல்லை. ஒரே குறை, லாக் போட்டால் விளக்கு எரிந்து உடனே அணைந்துவிடுகிறது. வெறும் ஒயர் கோளாறா, கப்ளிங்கே போய்விட்டதா? கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருக்கும் உன் மைத்துனரைக் கேள். உரிமையாளர் வெள்ளிக்கிழமைவரைதான் காத்திருப்பார். மைத்துனர் வேண்டாம் என்றால் வேண்டாம். வாங்கலாம் என்றால் பழுதுபார்க்க எவ்வளவு ஆகும் என்பதையும் கேட்டுச் சொல், அதைக் காட்டி விலையைக் குறைக்கிறேன்.

உன்,
வெங்கிட்டு