பெட்டி வாங்குவது கடைசி வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி வரும் குறிப்புகள் பெரும்பாலும் எடுத்த எடுப்பிலேயே மூடி போட்ட டப்பா, அடுக்குக் கூடை, கட்டிலடிப் பெட்டி என்று வாங்கச் சொல்கின்றன. வாங்க வேண்டியதுதான், ஆனால் கடைசியில். கழிக்காமல் பெட்டி வாங்கினால் அடைசல் பெட்டிக்குள் குடியேறும், அவ்வளவுதான். உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாமல் அதே பொருளை மறுபடியும் காசு கொடுத்து வாங்குவோம்.

வீடு முழுவதையும் ஒரே நாளில் கவிழ்ப்பவர்கள் மாலையில் அலுத்துப்போய், குவிந்து கிடப்பதை அள்ளிப் பழைய இடத்திலேயே திணிப்பார்கள். ஒரு தடவைக்கு ஓர் இழுப்பறை, இல்லையென்றால் அலமாரியில் ஒரு தட்டு போதும். விரித்த துணியில் எல்லாவற்றையும் கொட்டி, காலியான தட்டைத் துடைத்த பிறகுதான் பிரிக்க வேண்டும். உள்ளே வைத்தபடியே கிளறினால் மேலாகக் கிடப்பது மட்டுமே கைக்கு வரும். கொட்டி, ஒரே வகையை ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் கத்தரிக்கோல் நான்கு இருப்பது தெரியும்.

பிரிப்பது மூன்று குவியலாக: இங்கேயே இருப்பது, வேறு அறைக்குப் போவது, வீட்டை விட்டே போவது. வேறு அறைக்குப் போவதை உடனே எழுந்துபோய் வைக்க வேண்டாம். போன இடத்தில் வேறு வேலை பிடித்துக்கொள்ளும். கூடையில் போட்டு, கடைசியில் ஒரே சுற்றில் கொண்டுபோகலாம். முடிவெடுக்க முடியாதவற்றுக்கு ஒரே ஒரு அட்டைப்பெட்டி. டேப் ஒட்டி மூடி, ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியை மேலே எழுதிவிட வேண்டும். தேதி எழுதாத பெட்டி வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். வெளியே போக வேண்டிய பையிலும் யாருக்கு, எந்தக் கிழமை என்று எழுத வேண்டும். இல்லையென்றால் கதவோரத்தில் இருந்தபடியே ஒவ்வொரு பொருளாக வீட்டுக்குள் திரும்பிவிடும். அடுத்தவர் பொருளை அவரைக் கேட்காமல் கழிப்பது சண்டையில்தான் முடியும்.

“என்றைக்காவது உதவும்” என்ற வாதத்துக்கு ஒரு பதில் உண்டு: கிடப்பில் போட்ட பொருள் போட்டபடி இருப்பதில்லை. பாலியூரித்தேன் (PU) என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த அடி கொண்ட காலணியைச் சில வருடம் போடாமல் வைத்தால், காற்றின் ஈரம் அந்த அடியைச் சிதைத்துவிடும். பார்க்கப் புதிதாக இருக்கும், நான்கு அடி நடந்தால் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் பேண்டு இறுகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். வெப்பத்தாளில், அதாவது மையில்லாமல் சூட்டில் எழுத்து பதியும் தாளில், அடித்த ரசீது தானாகவே வெளுத்துப்போகும்; உத்தரவாதத்துக்குத் தேவைப்படும் ரசீதை வாங்கிய வாரமே நகலெடுக்க வேண்டும். புழங்காத ரிமோட்டில் கிடக்கும் செல் கசிந்து உள்ளிருக்கும் சுருள்கம்பியை அரித்துவிடும். கழற்றி வைத்திருந்தால் ரிமோட்டாவது மிஞ்சும்.

வயர்க் குவியல்தான் பலரும் தொடப் பயப்படுவது. அடாப்டரின் மேலேயே வெளியீடு எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். அது சாதனத்துக்குப் பொருந்த, வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. உருண்டை முனை என்றால் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற குறியும் ஒத்துப்போக வேண்டும். பொருந்துவதில் மாஸ்கிங் டேப் சுற்றிச் சாதனத்தின் பெயரை எழுதுங்கள். வீட்டில் எதற்குமே பொருந்தாததை மின்கழிவில் போடலாம்.

பழைய செல்போனைக் கொடுப்பதற்கு முன் படங்களை நகலெடுத்து, கணக்கிலிருந்து வெளியேறி, அதன் பிறகே முழுவதும் அழிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் அழித்த பிறகும் போன் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கலாம், வாங்கியவருக்குப் பயன்படாது. சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி உப்பிய போனைச் சார்ஜ் போடவோ அழுத்தவோ கூடாது, சாதாரணக் குப்பையிலும் போடக் கூடாது. அது தீப்பிடிக்கக்கூடியது, மின்கழிவு சேகரிப்பவரிடமே போக வேண்டும்.

இதெல்லாம் முடிந்து மிஞ்சியதற்குத்தான் பெட்டி. அலமாரியின் உள் அகலத்தை மட்டும் அளந்து வாங்கினால், கீலும் கதவுச் சட்டமும் இடித்துப் பெட்டி வெளியே வராது. கதவைத் திறந்து வைத்து, இடையூறின்றி வெளியே வரக்கூடிய அகலத்தை அளக்க வேண்டும். 40 லிட்டர் பெட்டியில் புத்தகம் நிரப்பினால் 20 கிலோவைத் தாண்டும். தலைக்கு மேல் ஏற்றுவது ஆபத்து. புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, கீழ்த்தட்டு. பெரிய பெட்டியில் போர்வை, தலையணை. நெடுநாள் வைப்பதற்கு அட்டைப்பெட்டி வேண்டாம்: அதன் பசையையும் காகிதத்தையும் வெள்ளிப்பூச்சி தின்னும், மடிப்புகளில் கரப்பான் ஒளியும். ஈரச் சுவரானால் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி விடுங்கள். பெயர்ச் சீட்டைப் பெட்டியின் முன்பக்கத்தில் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால் மேலே அடுத்த பெட்டி ஏறியதும் மறைந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்