பின் அச்சையும் அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரடுமுரடான பாதைகளில் ஓட்டப்படும் வாகனங்களின் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, முன்சக்கர அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வதை, விரிவாக விளக்கிவிட்டுப் பின் அச்சைத் தொடாமலே முடிந்துவிட்டது. பட்டறைகளிலும் பெரும்பாலும் இதே கதைதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் வாகனம் நேரான சாலையில் போகும்போதும் ஸ்டியரிங் சற்று இடப்பக்கம் திரும்பியே நின்றது. அலைன்மென்ட்டுக்கு விட்டபோது முன்சக்கரங்களைத் திருப்பும் டை ராடைத் திருகி ஸ்டியரிங்கை நடுவுக்குக் கொண்டுவந்து அனுப்பிவிட்டார்கள். சில வாரங்களில் பழையபடி ஆனது, மறுபடியும் அதே வைத்தியம். கோளாறோ பின்னால் இருந்தது. அச்சை ஸ்பிரிங் பட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்ததால் சுமை முழுவதும் பட்டைகளைக் கோர்த்து நிற்கும் சென்டர் போல்ட்டின் மேல் விழுந்து, அது அறுந்து, இடப்பக்கப் பின்சக்கரம் 6 மி.மீ. பின்னுக்கு நகர்ந்திருந்தது.

ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். சக்கரங்களுக்கிடையே 1,400 மி.மீ. அகலமுள்ள அச்சில் அது ஏறத்தாழக் கால் டிகிரி, வீல்பேஸ், அதாவது முன், பின் அச்சுகளுக்கிடையே உள்ள தூரம், 2,400 மி.மீ. என்றால், பின் அச்சு தள்ளும் திசை முன் அச்சின் நடுவை விட்டு 10 மி.மீ. விலகிப்போகிறது. ஓடும் நாயின் பின்னுடல் ஒருக்களித்துப் போவதுபோல வண்டி போகும்; அந்த நிலையில் முன்சக்கரங்களை மட்டும் சரிசெய்வது குறையை மூடி மறைப்பதாகவே முடியும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இருபக்க ஸ்பிரிங் பட்டைகளின் முன்முனை போல்ட்டிலிருந்தும் அச்சின் இரு முனைகளிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டு, வண்டியை நகர்த்திவிட்டு இருபக்க நீளத்தையும் மூலைக்கு மூலை குறுக்களவையும் ஒப்பிட்டால் போதும். சேஸிஸே வளைந்திருக்கிறதா என்பதைக் குறுக்களவு காட்டிக்கொடுத்துவிடும். வண்டியின் இருபக்கமும் நூல் கட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முன்சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே உள்ள அகலமும் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே உள்ள அகலமும் பல வண்டிகளில் ஒன்றல்ல, ஆகவே நூலுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி இருபக்கமும் சமமா என்பதே கேள்வி.

நீளம் சமமாக இருந்தும் பின் டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தால் அச்சின் கூடான ஹவுசிங் வளைந்திருக்கலாம். அச்சை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைச் சுழற்றி டயரின் நடுவே கோடு போட்டு, வண்டியை இறக்கிச் சற்று உருட்டி நிறுத்தியபின், அச்சின் உயரத்தில் இரு கோடுகளுக்கும் உள்ள தூரத்தை முன்னும் பின்னும் அளக்க வேண்டும். இரு சக்கரங்களையும் ஒரே கூட்டில் தாங்கும் திட அச்சில் திருகிச் சரிசெய்ய இடமில்லை என்பதால் வேறுபாடு தெரிந்தால் ஹவுசிங்கைத்தான் நிமிர்த்தவோ மாற்றவோ வேண்டும். காயில் (சுருள்) ஸ்பிரிங் வண்டியை உயர்த்தியவர்களுக்கு இன்னொரு தொல்லை: அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பழைய பான்ஹார்ட் ராடு நீளம் போதாமல் அச்சையே ஒருபக்கமாக இழுத்துவிடும்.

அலைன்மென்ட் செய்பவர்கள் முதலில் பின் அச்சை அளந்து, அந்த அளவை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு முன்பக்கம் போகட்டும். பின் அச்சின் அளவு இல்லாத தாளுக்கு இனி நான் பணம் கொடுப்பதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்