மியூட்டர் மியூசியத்தில் எங்களை நிறுத்திய அம்மாவுக்கு

போன வாரம் பிலடெல்பியா மியூட்டர் மியூசியத்தில், டாக்டர் ஜாக்சன் சேகரிப்பு இருக்கும் இழுப்பறைகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினீர்களே, உங்களுக்கு ரொம்ப நன்றி அம்மா. உங்கள் பெயர் தெரியவில்லை.

1787ல் டாக்டர்கள் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் நடத்துகிற மியூசியம் இது. மண்டையோடுகளைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது, நாங்களும் அதற்குத்தான் போனோம். நீங்கள் இழுத்துக் காட்டிய தட்டுகளிலோ சேஃப்டி பின், பட்டன், காசு, எலும்புத் துண்டு என்று வரிசையாக, எல்லாம் ஜனங்கள் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் சிக்கி டாக்டர் செவாலியர் ஜாக்சன் வெளியே எடுத்தவை, 2,000க்கும் மேல். அப்புறம் நீங்கள் சொன்ன காஸ்டிக் சோடா கதை, சுத்தம் செய்ய வைத்திருப்பார்களே, பட்டால் அரித்துவிடும் காரம், அது. வீட்டில் புழங்கிய அதைக் குழந்தைகள் குடித்து உணவுக்குழாய் வெந்துபோவதைப் பார்த்துப் பார்த்து, டப்பாவில் 'விஷம்' என்று போடவைக்க ஜாக்சன் வருஷக்கணக்கில் அலைந்திருக்கிறார். 1927ல்தான் சட்டம் வந்ததாம்.

சரி, பழங்கதை என்று நினைத்தால், இடுப்பில் இருந்த எங்கள் பையனைக் காட்டி, பட்டன் பேட்டரி விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும், ரிமோட் மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை! இப்போது டேப் சுற்றியாயிற்று, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையும் பீரோ மேலே போயாயிற்று.

இந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.