உன் பந்தடிச் சேரைப் பற்றி

அன்புள்ள மகனுக்கு,

உதைபந்தாட்டம் பழக்கின சேர் காலமான செய்தி எனக்கு முன்பே உனக்கு வட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அன்று இரவு நீ போன் எடுத்தபோது இரண்டு பேருக்கும் கதை வரவில்லை. செத்தவீடு எப்படி நடந்தது என்று மட்டும் கேட்டாய், அதற்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

ஒழுங்கை முகப்பில் இருந்து வீடு வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். பெட்டிக்கு மேலே கல்லூரிக் கொடி. அறுபது வயது தாண்டிய பழைய மாணவர்கள் முதல் இப்போது விளையாடுகிற சின்னப் பொடியன்கள் வரை, முற்றத்தில் நிற்க இடமில்லை. கிண்ணியாவில் இருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள். மூதூரில் இருந்தும் வந்தார்கள். எல்லாரும் ஒரு காலத்தில் சேரின் அணிக்கு எதிராக விளையாடியவர்கள். அதில் ஒரு நானா, தாடி முழுக்க நரைத்துவிட்டது, பெட்டியின் கால்மாட்டில் நின்று விம்மி விம்மி அழுதார். முந்தி மத்தியஸ்தராக இருந்த ஒரு சிங்களப் பெரியவர் சேரின் மனைவி, மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் நெடுநேரம் ஏதோ சொன்னார். மாமிக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தா.

பெண்கள் நாங்கள் படலையோடு நின்றுவிட்டோம். போகிற வழியில் பெட்டியைக் கிரவுண்டுக்குள் கொண்டுபோய், கோல் கம்பத்தடியில் கொஞ்ச நேரம் வைத்தார்களாம். திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள்.

எடுப்பதற்கு முன்னால் நாலைந்து பேர் பேசினார்கள். எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். ஆனால் எல்லாரும் கிண்ணங்களைப் பற்றியே பேசினார்கள். எந்த வருடம் மாவட்டத்தில் முதலாவது, எந்த வருடம் மாகாணத்துக்குப் போனது என்று. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது போதவில்லை. சேரின் காலத்தில் எத்தனை வருடம் போட்டியே நடக்கவில்லை! அட்டவணை வரும், பின்னாலேயே ஊரடங்கும் வரும். 1995இல் கொழும்பில் இலங்கை அணி இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்தபோது, இங்கே திருகோணமலையில் பிள்ளைகளுக்குப் பக்கத்து ஊருக்குப் போய் ஒரு மட்ச் விளையாட வழியில்லை. கிண்ணத்தை வைத்து அவரை அளந்தால் அவருடைய பாதி வாழ்க்கையில் ஒன்றுமே நடக்காத மாதிரித்தான் தெரியும். அந்த வருடங்களிலும் நாலரை மணிக்கு அவர் கிரவுண்டில் நின்றார். அதை யாராவது எழுந்து சொல்லியிருக்கலாம் என்று இருந்தது. சரி, நான் உனக்குச் சொல்கிறேன்.

துறைமுகத்தில் வேலை முடிந்ததும் நேரே சைக்கிளில் வருவார். கைப்பிடியில் தொங்குகிற வலைப்பைக்குள் பந்துகள். கோட்டைப் பக்கத்து மான்கள் சில நாளில் கிரவுண்டிலும் வந்து மேயும். பொடியன்கள் கல்லெடுத்துக் கலைக்கப் பார்த்தால் விடமாட்டார். தானே கையைத் தட்டித் தட்டி மெல்ல ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுத்தான் விசில் ஊதுவார். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், “பந்தை மேலே அடிச்சால் காற்று எடுத்துக்கொண்டு போயிடும், நிலத்தோட குடு” என்று கத்துகிற சத்தம் வீதியால் போகிறவர்களுக்கும் கேட்கும்.

2006 ஜனவரி 2ஆம் திகதி உனக்கும் மறந்திருக்காது. காந்தி சிலையடியில், கடற்கரையில் இருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். உன்னைவிடக் கொஞ்சம் மூத்த பிள்ளைகள். அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்தத் தாய் மனம் ஒப்பிப் பிள்ளையை வெளியே விட்டாள்? நான் உன் பூட்ஸைக் கடதாசியில் சுற்றி அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டேன். நீ என்னோடு கதைக்காமல் திரிந்தாய்.

சில கிழமை போன பிறகு ஒரு பின்னேரம் படலையில் சைக்கிள் பெல் கேட்டது. நீ ரியூசனுக்குப் போயிருந்தாய், அதனால் இது உனக்கு முழுக்கத் தெரியாது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி நின்றுதான் பேசினார். “தங்கச்சி, பிள்ளையை விடுங்கோ எண்டு கேட்க நான் வரேல்லை. அப்பிடிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. நீங்கள் விட்டால் நான் என்ன செய்வன் எண்டதை மட்டும் சொல்லிப்போட்டுப் போறன்” என்றார். நாலு மணிக்கு ஒவ்வொரு வீடாக வந்து தானே கூட்டிக்கொண்டு போவாராம். பெரிய வீதியால் போகாமல் ஒழுங்கைகளால் போவார்களாம். ஐந்தரைக்கு ஆட்டம் நின்றுவிடுமாம். திரும்பி வரும்போது ஒவ்வொரு படலையிலும் பெல் அடிப்பாராம். “நீங்கள் வெளியில வந்து பிள்ளையின்ட முகத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போவன்.”

நான் உடனே ஓம் என்று சொல்லவில்லை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரிடம் பொறுப்பை விட்டிருப்பேன். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பூட்ஸை இறக்கிக் கொடுத்தேன்.

சொன்னதை அப்படியே செய்தார், மகன். மழை இருட்டிலும் பெல் அடிக்கும். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு போவேன், நீ முன்னால் நிற்பாய், அவர் தலையை ஆட்டிவிட்டு மிஞ்சின பிள்ளைகளோடு போவார். எல்லாரையும் விட்டுவிட்டு அந்த மனிதர் தன் வீட்டுக்குத் தனியே போனதை அந்த நேரத்தில் யாரும் யோசிக்கவில்லை. மாமி சொன்னா, அவருக்காகத் தான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன் என்று.

மாவிலாறு அணைக்கட்டுப் பிரச்சினையில் சண்டை தொடங்கி, மூதூர்ப் பக்கத்தில் இருந்து ஷெல் சத்தம் கேட்ட நாட்களில் அவரே கிரவுண்ட் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். அப்போதும் சும்மா இருக்கவில்லை. நம் முற்றத்துக்கு ஒரு முறை வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? மாமரத்துக்கும் வேலிக் கட்டைக்கும் இடையில் எட்டு யார் அளந்தார். உண்மையான கோலும் அவ்வளவுதான், 7.32 மீற்றர் அகலம். துறைமுகத்தில் இருந்து கொண்டுவந்த நைலோன் கயிற்றின் ஒரு நுனியை மாமரத்திலும் மறு நுனியைக் கட்டையிலும் கட்டி, நடுக் கயிற்றை முன்னால் இழுத்துக்கொண்டு போய்ப் பந்தின் அடியில் கொடுத்தார். கிணற்றடி வரைக்கும் நீண்ட ஒரு முக்கோணம். உன்னைக் கோல் கோட்டில் நிறுத்தி இரண்டு கையையும் விரிக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் கயிறு உன் கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. “இப்ப ஒரு அடி முன்னுக்கு வா.” வந்தாய். “இன்னொரு அடி.” ஒவ்வொரு அடிக்கும் கயிறுகள் உன்னை நெருங்கி வந்தன. ஓர் இடத்தில் உன் இரண்டு கை விரல்களும் இரண்டு கயிற்றிலும் தொட்டன. “கோல் சின்னதாப் போச்சுதா?” என்று கேட்டார். நீ சிரித்தாய். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நீ வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். “இதுக்கு மேலயும் ஓடி வந்தியோ, அவன் உன்ர தலைக்கு மேலால தூக்கிப் போட்டிடுவான்” என்று சொல்லி நிறுத்தினார்.

நான் குசினி வாசலில் தேங்காய்ப்பாதியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் காக்கிற கோலி என்றால் பாய்ந்து விழுகிறவன் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவன் பாயத் தேவையே இல்லை என்று அந்தக் கயிற்றைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அதே வருடம் உலகக் கிண்ணத்தில் ஜேர்மனியும் ஆர்ஜென்டினாவும் 1-1 என்று சமனாகி, பெனால்டியில் 4-2 என்று ஜேர்மனி வென்ற மட்சைப் பற்றி வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாய். ஜேர்மனிக் கோலி லேமன், யார் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று எழுதின துண்டைக் காலுறைக்குள் வைத்திருந்தார் என்று. சேரிடம் போய்ச் சொன்னாயாம். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு பழைய சி.ஆர். கொப்பியை எடுத்து உன் கையில் தந்தாராம். மாவட்டத்தில் உள்ள பள்ளிக்கூடங்களில் யார் பெனால்டி அடிப்பவன், எந்தக் காலால், எந்தப் பக்கம் என்று வருடக்கணக்காக எழுதி வைத்திருந்திருக்கிறார். அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது. மாமி எனக்கு எடுத்துக் காட்டினா. சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிலுவை போட்டிருக்கிறார். ஏனென்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் அதைக் கேட்க வேண்டியதும் இல்லை.

இன்னொன்றையும் நீதான் எனக்குச் சொன்னாய். கோல் விழுந்தால் வலைக்குள் கிடக்கிற பந்தைக் கோலி எடுக்கக்கூடாது, பின்வரிசைக்காரன்தான் ஓடிப்போய் எடுத்து வர வேண்டும் என்பது சேரின் சட்டம். கிண்ணியாவில் நான்கு கோல் வாங்கின அன்று, பாலம் வராத காலம், பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித் திரும்பி வரும்போது நீ ஒரு மூலையில் தலையைக் குனிந்து நின்றாயாம். சேர் பக்கத்தில் வந்து நின்றாராம், ஒன்றும் சொல்லவில்லையாம். கரை வந்த பிறகு, “பின்வரிசை நாலு தரமும் ஓடிப் போய் எடுத்ததோ?” என்று மட்டும் கேட்டாராம். நீ ஓம் என்றாயாம். “அப்ப சரி” என்றாராம். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடும்போது நீ இதைச் சொன்னாய். அன்று எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

அவருக்கு இது எங்கிருந்து வந்தது என்று நான் யோசிப்பதுண்டு. யூஜின் ஹெபேர்ட் பாதரைப் பற்றி அடிக்கடி சொல்வார். அமெரிக்காவில் இருந்து வந்த யேசுசபைப் பாதர், திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினவர். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குப் போகிற வழியில் காணாமல் போனார், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. பாதர் பழக்கின விளையாட்டு வேறு, சேருடைய விளையாட்டு வேறு. ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லும்போது சேரின் குரல் மாறும். பிள்ளைகளை நடுவழியில் விடாமல் கடைசி வரை நின்றவர்களை அவர் மனதில் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

நீ வர முடியவில்லை என்று மனதைப் போட்டு உழப்பாதே. மெல்பேர்ணில் இருந்து லீவும் எடுத்து, பிளேனும் பிடித்து, ஒரு நாளுக்குள் வந்து சேர ஒருவராலும் முடியாது. மாமிக்கும் அது தெரியும். உன்னைப் பற்றி அவவே முதலில் கேட்டா.

நீ செய்ய வேண்டியது வேறு. இப்போது அந்த வீட்டில் ஆட்கள் நிறைய. எட்டுச் செலவு முடிந்து, அந்தியேட்டியும் முடிந்து சனம் குறைந்த பிறகுதான் மாமிக்குப் பின்னேரங்கள் கஷ்டமாக இருக்கும், முக்கியமாக ஐந்தரைக்குப் பிறகு. அந்த நேரம் பார்த்து எடு. வட்ஸ்அப்பில் செய்தி போடாதே, அவ அதைப் பார்ப்பதில்லை. வீட்டுப் போனுக்கு எடு, அவ எழும்பி வர நேரம் எடுக்கும், நீண்ட நேரம் அடிக்க விடு. கயிறு கட்டின கதையைச் சொல்லு. நம் முற்றத்தில் நடந்தது அவவுக்குத் தெரியாது. நான் சொல்லத் தொடங்கினேன், பிறகு அது நீ சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கொப்பியைப் பழைய மாணவர் சங்கத்துக்குக் கொடுக்கட்டுமா, அல்லது இப்போதைய கோலிப் பொடியனுக்குக் கொடுக்கட்டுமா என்று மாமி கேட்கிறா. நீ சொல்வதைத்தான் செய்வாவாம். யோசித்து வைத்துக்கொண்டு எடு.

அன்புடன்,
அம்மா