டோரோவின் வயல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் டோரோ என்னும் பழங்காலக் குடியிருப்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். கூரை வேய்ந்த குடிசைகளின் படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் அவை நம் காலத்தில் கட்டி நிறுத்தப்பட்டவை. மண்ணுக்கடியில் உண்மையாகவே கிடைத்த நெல்வயலுக்குக் கட்டுரையாளர் ஒதுக்கியது ஒரே ஒரு வரி. எனக்குப் பொறுக்கவில்லை.

1943இல் ஷிசுவோகா நகரில், விமானங்களுக்குச் சுழல்விசிறி செய்யும் தொழிற்சாலைக்காக நிலத்தைத் தோண்டியபோது வெளிப்பட்ட இடம் அது. ஜப்பானில் நெல் சாகுபடி பரவிய யாயோய் காலத்தின் பிற்பகுதி, ஏறத்தாழ கி.பி. முதலாம் நூற்றாண்டு. வீடுகளை ஒட்டி வாய்க்காலும் வயலுமாக ஏழு ஹெக்டேருக்கு மேல் விரிந்திருக்கிறது. வரப்பு சரியாமலிருக்க மரப்பலகைகளையும் முளைகளையும் வரிசையாக அடித்து இறக்கியிருக்கிறார்கள். நீளவாக்கில் அறுக்கும் ரம்பம் அந்நாட்டுக்கு வரப் பல நூற்றாண்டுகள் இருந்தன. மரத்தை ஆப்பு வைத்துப் பிளந்துதான் பலகை எடுத்தாக வேண்டும். ஒரு வரப்புக்கு எத்தனை மரம், எத்தனை கை! அரசர் கோட்டைக்கு இவ்வளவு உழைத்திருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்போம்.

அந்த ஊரை அழித்த வெள்ளமே அதைக் காப்பாற்றியும் வைத்தது. வண்டல் மூடி ஈரத்திலேயே கிடந்ததால் மரம் மட்கவில்லை. மண்வெட்டியும், சேற்றில் கால் புதையாமலிருக்க மாட்டிக்கொண்ட மரக்கட்டைச் செருப்பும் கிடைத்தது அதனால்தான். களஞ்சியத் தூண்களில் எலி ஏறாமல் தடுத்த பலகையைக் கட்டுரையாளர் வியந்திருக்கிறார், சரிதான். அந்தக் களஞ்சியத்தை நிரப்பியது எது என்று கேட்டிருக்க வேண்டாமா?

1947இல் முறையான அகழாய்வு தொடங்கியபோது போரில் தோற்ற ஜப்பானில் சோற்றுக்கே பஞ்சம். மாணவர்களும் ஊர்மக்களும் வந்து மண் சுமந்தார்கள். போர் முடியும்வரை பள்ளிப் பாடநூல்கள் தேசத்தின் வரலாற்றைத் தெய்வங்களின் கதையிலிருந்து தொடங்கின. அந்த இடத்தில் உழவர்களின் வரப்பு வந்து நின்றது. ஜப்பானியத் தொல்லியல் சங்கம் 1948இல் உருவானதற்கும் இந்த அகழாய்வே தூண்டுதல். இதில் ஒரு சொல்கூடக் கட்டுரையில் இல்லை.

அடுத்த இதழில் வயலின் அகழாய்வு வரைபடத்தையாவது வெளியிடுங்கள். இடம் போதாதென்றால் குடிசைப் படம் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்